சென்சார் இல்லாத சக்கரம்

வேதவல்லி மேடம் ரோபோவைத் தலைகீழாகக் கவிழ்த்துப் போட்டு, நான்கு சக்கரங்களையும் ஒவ்வொன்றாகக் கையால் திருகிப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் முதல் சக்கரத்துக்கு வந்தார்.

“இதுல கோணம் பாக்கற சென்சார் எங்கம்மா வச்சிருக்கே?”

“இல்லீங் மேடம். எடுத்துட்டோம்” என்றாள் பவளக்கொடி.

“எடுத்துட்டு?”

“சாஃப்ட்வேர்ல பாத்துக்கறமுங்க.”

முப்பது வருடம் நூற்பாலை இயந்திரங்களோடு மல்லுக்கட்டிவிட்டு, ஓய்வுக்குப் பிறகு ரோபோப் போட்டிகளுக்குப் பரிசோதகராக வந்தவர் வேதவல்லி மேடம். நிமிர்ந்து பார்த்தார். “சரி. சக்கரம் இந்தப் பக்கம் திரும்பியிருக்குன்னு சாஃப்ட்வேருக்கு யாரு சொல்றா?”

பவளக்கொடிக்குப் பதில் தெரியவில்லை. தெரிந்தவன் இளம்பரிதி, மென்பொருள் முழுக்க அவன் எழுதியது. அவன் அந்த நேரம் பார்த்து அரங்கின் மறுகோடியில் நின்று யாருடனோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தான்.

சென்சார் இருந்தே ஆக வேண்டும் என்று விதிப்புத்தகத்தில் எங்கும் இல்லை. மேடம் உயரத்தை அளந்தார், எடை பார்த்தார், அனுமதி அட்டையில் கையெழுத்துப் போட்டு நீட்டினார். நீட்டிய அட்டையை உடனே விடவில்லை.

“சின்னதா, அழகா செஞ்சிருக்கே. ஆனா எப்படி ஓடுதுன்னு எனக்குப் புரியல. புரியாதது நல்லா ஓடுச்சுன்னா எனக்குப் பயமாத்தான் இருக்கும்.”

கோவையில் அந்த வருடம் ரோபோப் பந்தாட்டத்துக்குக் கூடிய கூட்டம் கிரிக்கெட்டுக்குக்கூடக் கூடவில்லை. கல்லூரிக்கு ஓர் அணி, அணிக்கு ஒரு ரோபோ. பந்தைப் பொறுக்கி எதிரணியின் கூடையில் போட வேண்டும். சாதாரண வண்டி பக்கவாட்டில் போக வேண்டுமானால் முதலில் முகத்தைத் திருப்பியாக வேண்டும். ஸ்வெர்வ் டிரைவ் பூட்டிய ரோபோவுக்கு அது தேவையில்லை. நான்கு சக்கரங்களும் தனித்தனியாக எந்தத் திசைக்கும் திரும்பும். முகம் கூடையையே பார்த்திருக்க, உடம்பு நண்டு மாதிரி பக்கவாட்டில் ஓடும். ஒவ்வொரு சக்கரத்துக்கும் உருட்ட ஒரு மோட்டார், திருப்ப ஒரு மோட்டார், நடுவில் கியர்கள். எல்லாம் சேர்ந்த பெட்டிக்கு மாட்யூல் என்று பெயர். தான் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறோம் என்று சக்கரத்துக்குத் தெரிய, மாட்யூலின் உச்சியில் ஒரு காந்தமும் அதைப் படிக்கிற சென்சாரும் இருக்கும். எல்லா அணிகளின் ரோபோவிலும் இருந்தது.

மைதானத்தின் நடுவே ஓர் இரும்புப் பாலம். அதன் அடியில் நுழைந்து போகிறவனுக்கு எதிரணிக் கூடை பாதி தூரம்தான். ஆனால் நுழைய முடியாதபடி தாழ்வாக வைத்திருந்தார்கள். பவளக்கொடி மூன்று மாதம் வரைந்து வரைந்து மாட்யூலின் உயரத்தை நூற்று ஏழு மில்லிமீட்டருக்குக் கொண்டுவந்திருந்தாள். அதற்குக் கீழே போக வழி தெரியாமல் உட்கார்ந்திருந்தபோதுதான் இளம்பரிதி வந்து, “சென்சாரைத் தூக்கிடு. பத்தொம்பது மில்லிமீட்டர் மிச்சம். மீதியை நான் பாத்துக்கறேன்” என்றான். எண்பத்தெட்டு. உள்ளங்கையில் அடங்குகிற மாட்யூல். அன்று அவள் ஹாஸ்டல் முழுக்கக் காட்டிக்கொண்டு திரிந்தாள். எப்படிப் பார்த்துக்கொள்வாய் என்று அவனிடம் கேட்கத் தோன்றவில்லை.

அன்றைய ஆட்டத்தில் அவர்கள்தான் ஜெயித்தார்கள். ரோபோ பாலத்தின் அடியில் பாம்பு மாதிரி நுழைந்து நுழைந்து வெளியே வந்தது. கூட்டம் கத்தியது. ஆனால் பவளக்கொடி ரோபோவைப் பார்க்கவில்லை. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஜாய்ஸ்டிக்கோடு நின்ற சுமையாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சுமையா கல்லூரிக்கு வரும் வரை மாநில அளவில் ஸ்கேட்டிங் போனவள். முழங்கால் சவ்வு கிழிந்ததோடு அது நின்றுபோனது. எல்லா அணி ஓட்டுநர்களையும் போல அவள் காதுக்குப் பின்னாலும் ஒரு வில்லை ஒட்டியிருந்தது. ரூபாய் நாணயம் அளவு இருக்கும். ரோபோ சாய்ந்தால், வழுக்கினால், அந்த அசைவை வில்லை ஓட்டுபவரின் காதுக்குள் இருக்கிற சமநிலை நரம்புக்குச் சொல்லும். தானே அந்த வண்டிக்குள் உட்கார்ந்திருப்பது போல இருக்கும். அதற்கு அனுமதி உண்டு.

அன்று பவளக்கொடி கவனித்தது சுமையாவின் பாதங்களை. நின்ற இடத்தில் நின்றபடியே அவள் கணுக்கால்கள் ஓயாமல், மிக மெல்ல, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்ந்து நிலையைத் திருத்திக்கொண்டே இருந்தன. ஆட்டம் முடிந்து தண்ணீர் கேனை நோக்கி நடந்தவள், நேர் வழியில் இருந்த மேசையின் முனையில் இடுப்பை இடித்துக்கொண்டாள்.

“பாத்துடி.”

“சரியாத் தூங்கல” என்று சிரித்தாள் சுமையா.

பவளக்கொடிக்கு ஒன்று உறைத்தது. ஓட்டுநர் தேர்வுக்கு முப்பது பேர் வந்திருந்தார்கள். கை வேகத்தையோ கண் பார்வையையோ இளம்பரிதி சோதிக்கவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு ஒற்றைக்காலில் நிற்கச் சொன்னான், அவ்வளவுதான்.

மறுநாள் காலை, மற்றவர்கள் வகுப்பில் இருந்த நேரம், அவள் பயிற்சிக் கூடத்துக்குப் போய் ரோபோவைத் தானே ஓட்டிப் பார்த்தாள். வில்லை ஒட்டிக்கொள்ளவில்லை. முதலில் ஒழுங்காகத்தான் ஓடியது. சுவரில் இரண்டு தடவை மோதவிட்டாள். மூன்றாவது முறை கிளப்பியபோது நான்கு சக்கரங்களும் நான்கு பக்கம் இழுத்தன. கியர்கள் கிறீச்சிட்டன. ரோபோ நின்ற இடத்திலேயே உதறிக்கொண்டு நின்றது.

சுமையா ஓட்டும்போது ஓர் ஆட்டத்தில் ஐம்பது தடவை மோதும். ஒரு நாளும் இப்படி ஆனதில்லை.

சாப்பாட்டு நேரத்தில் இளம்பரிதியிடம் சாதாரணமாகக் கேட்பது போலக் கேட்டாள். “நான் ஓட்டினா வண்டி கோணிக்குது. ஏன்டா?”

“உன்ற கை அப்படி” என்றான். தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “மோட்டார் எத்தனை சுத்து சுத்தினதுன்னு கணக்கு வச்சுக்கிட்டே இருக்கறேன். அதுல இருந்து கோணம் தெரிஞ்சுரும்.”

“மோதினா கணக்கு தப்பும்ல?”

“தப்பினா திருத்திக்கும்.”

“எதை வச்சு?”

“பவளம், சாப்பிட விடறியா?”

அன்றிலிருந்து அவளுக்கு அவன் செய்கிற ஒவ்வொன்றும் கோணலாகத் தெரிந்தது. பயிற்சி முடிந்ததும் சுமையாவின் வில்லையைத் தானே கழற்றி ஒரு டப்பாவில் போட்டு வைத்துக்கொள்கிறான். வேறு யார் கையிலும் கொடுப்பதில்லை. பயிற்சிக் குறிப்புகளை ஒரு தனி ஃபோல்டரில் பூட்டி வைத்திருக்கிறான். இவள் உள்ளே வந்தால் திரையை மாற்றுகிறான். சில நேரம் அவனும் சுமையாவும் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருப்பார்கள். இவளைக் கண்டதும் பேச்சு நிற்கும்.

ஒரு மாலை சாக்பீஸால் கூடத்தின் தரையில் நீளமாகக் கோடு போட்டாள். “சுமையா, கண்ணை மூடிட்டு இது மேல நடந்து வா பாக்கலாம்.”

“என்னடி வெளையாட்டு?”

“சும்மா.”

சுமையா கண்ணை மூடி நடந்தாள். பத்தாவது அடியில் அவள் கோட்டுக்கு இரண்டடி இடதுபக்கம் இருந்தாள். கண்ணைத் திறந்து பார்த்துச் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, பையை எடுத்துக்கொண்டு கிளம்பிப் போனாள்.

பவளக்கொடி வேறு ஒரு காரியம் செய்தாள். யாரிடமும் சொல்லாமல் செய்தாள். முன்பக்க இடது மாட்யூலைக் கழற்றி, திருப்பும் கியரை ஒரு பல் தள்ளி மாட்டினாள். எழுபத்திரண்டு பல்லில் ஒரு பல் என்றால் ஐந்து பாகைக் கோணல். எந்தச் சாஃப்ட்வேருக்கும் அது தெரிய வாய்ப்பில்லை. மோட்டாரின் கணக்கை மட்டும் நம்பி ஓடுகிற வண்டியானால் அது இழுத்துக்கொண்டு போக வேண்டும்.

இழுக்கவில்லை. சுமையா இரண்டு மணி நேரம் பயிற்சி செய்தாள். முதல் ஐந்து நிமிடம் அவள் முகம் சுளித்திருந்தது. பிறகு ரோபோ கோடு கிழித்த மாதிரி ஓடியது. ஐந்து பாகைக் கோணலை யாரோ எங்கிருந்தோ சரிசெய்துகொண்டிருந்தார்கள். யார் என்று பவளக்கொடிக்குப் புரிந்தது. சுமையாவின் இடது கணுக்கால் வழக்கத்தைவிட அதிகமாக உள்பக்கம் மடங்கி மடங்கி நிமிர்ந்துகொண்டிருந்தது.

அன்று மாலை ஸ்கூட்டரில் வீட்டுக்குப் போன சுமையா, சுங்கம் சந்திப்புக்கு முந்தின வளைவில் நடுத்திட்டில் ஏறி விழுந்தாள். மறுநாள் முழங்கையில் கட்டோடு வந்தாள்.

“ரோட்ல மண்ணு கெடந்துச்சு” என்றாள்.

பவளக்கொடி நேராக லேப்புக்குப் போய், இளம்பரிதியின் நாற்காலியைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள்.

“சென்சார் அவதான், இல்லையா?”

அவன் மறுக்கவில்லை. “கதவைச் சாத்திட்டு வா.”

சாத்தினாள்.

“வில்லை ரோபோ அசையறதை அவளுக்குச் சொல்லுது” என்றான். “சக்கரம் அரை பாகை கோணினாலும் அவ உடம்புக்குத் தெரிஞ்சுரும். அவளுக்குத் தெரியறதுக்கு முன்னாடியே உடம்பு திருத்தப் பாக்கும். நடக்கும்போது நீயும் நானும் செய்யறதுதான், நாம கவனிக்கறதில்ல. அந்தத் திருத்தல் நரம்புல ஓடும்போது அதே வில்லையில படிச்சு சக்கரத்துக்கு அனுப்பறேன். நிமிசத்துக்கு ஆயிரம் தடவை. அவ காதுக்குள்ள இருக்கறதை விட நல்ல சென்சார் எங்கயும் கெடைக்காது பவளம்.”

“வில்லை ஒரு வழிதானே?”

“ஒரு வழின்னு எல்லாரும் நெனச்சுக்கறாங்க. கூடாதுன்னு விதியில ஒரு வரி இல்ல. யாருக்கும் தோணியிருக்காது.”

“அவளால நேரா நடக்க முடியலடா! நாலு சக்கரத்தோட கோணலையும் தன் கோணல்னு அவ உடம்பு நெனச்சுக்கிச்சு. இல்லாத சக்கரத்தை ரோட்ல போய்த் திருத்தறா!”

“மறந்துரும். வில்லையை எடுத்துட்டா ரெண்டு வாரத்துல மறந்துரும்.”

“யாரு சொன்னா?”

அவன் நாற்காலியைத் திரையின் பக்கம் திருப்பிக்கொண்டான்.

“யாரு சொன்னான்னு கேக்கறேன்.”

“அப்படித்தான் இருக்கணும்” என்றான். பிறகு குரலைத் தாழ்த்தி, “நீ மட்டும் யோக்கியமா? பத்தொம்பது மில்லிமீட்டர் கொறஞ்சப்போ எப்படின்னு ஒரு வார்த்தை கேட்டியா? கேட்டா உனக்கு எண்பத்தெட்டு கெடைக்காதுன்னு தெரியும். அதான் கேக்கல” என்றான்.

சுமையாவிடம் சொல்லிவிடுவது என்று அவள் முடிவு செய்தாள். மதிய இடைவேளையில் கூடத்துக்கு வெளியே படிக்கட்டில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். வில்லை, நரம்பு, சக்கரம் எல்லாவற்றையும் பவளக்கொடி ஒரே மூச்சில் சொன்னாள். பாதியில் சுமையா கையைக் காட்டி நிறுத்தினாள்.

“தெரியும்.”

“என்ன தெரியும்?”

“எல்லாம். பரிதி மொதல் நாளே சொல்லிட்டான். உனக்கு என்ன செய்யும், எவ்வளவு தூரம் செய்யும்னு எனக்கே தெரியாது, வேணாம்னா இப்பவே சொல்லிருன்னான். வேணும்னு நான்தான் சொன்னேன்.”

“ஏன்டி?”

சுமையா தன் முழங்காலைத் தடவிக்கொண்டாள். “மூணு வருசமா நான் ஓடல, வழுக்கல. இந்த வண்டி பாலத்துக்கு அடியில நுழையும்போது என்ற காலுக்குக் கீழ சக்கரம் இருக்கு பவளம். நெசமாவே இருக்கு. உனக்கு அது புரியாது. உன்கிட்டச் சொன்னா மாட்யூலைக் கழட்டிருவேன்னுதான் நாங்க ரெண்டு பேரும் சொல்லல.”

இத்தனை நாள் அந்தத் தாழ்ந்த குரல்களுக்குப் பவளக்கொடி வேறு வேறு அர்த்தம் கொடுத்து வைத்திருந்தாள்.

“ஆனா நேத்து என்னமோ ஆயிடுச்சு” என்று சுமையா தொடர்ந்தாள். “இத்தனை நாள் கொஞ்சம் இடது பக்கம் போகும். அது பழகிருச்சு, வண்டி ஓட்டும்போது நெனப்பு வச்சு ஓட்டுவேன். நேத்து ரோடே திரும்பிக்கிட்ட மாதிரி இருந்துச்சு. பரிதிகிட்டக் கேட்டேன், நான் எதுவும் மாத்தலன்னு சத்தியம் பண்றான். அவன் பொய் சொல்றானோன்னு எனக்குச் சந்தேகமா இருக்கு.”

இப்போது எழுந்து போய்விடலாம். சந்தேகம் இளம்பரிதியின் மேலேயே இருக்கட்டும் என்று விட்டுவிடலாம். பவளக்கொடி அப்படியும் நினைத்தாள். நினைத்ததைப் பிற்பாடு அவள் மறைக்கவில்லை.

“அவன் பொய் சொல்லல” என்றாள். “நான்தான் ஒரு பல் தள்ளி மாட்டினேன். கண்டுபிடிக்கறதுக்காக.”

சுமையா அவள் பக்கம் திரும்பினாள்.

“எதைக் கண்டுபிடிக்க?”

“அவன் உனக்கு என்ன செய்யறான்னு.”

“அவன் கேட்டுட்டுச் செஞ்சான்.” கட்டுப் போட்ட கையைத் தூக்கிக் காட்டினாள். “நீ?”

பவளக்கொடி கட்டின் பக்கம் கையை நீட்டினாள்; சுமையா தன் கையை இழுத்துக்கொண்டாள்.

“பின்னாடி ஒரு லாரி வந்துச்சு. டிரைவர் பிரேக் அடிச்சான். வீட்ல அத்தா அம்மாகிட்டக்கூட நான் சொல்லல.” சுமையா சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். “இனிமே ரோபோவை நீ தொடக்கூடாது.”

அந்தப் பல்லைப் பழையபடி மாட்டியதுகூட இளம்பரிதிதான். இறுதி ஆட்டத்தைப் பவளக்கொடி கூட்டத்தோடு கூட்டமாக மேல் வரிசையில் உட்கார்ந்து பார்த்தாள். அவர்கள் ஜெயித்தார்கள். கோப்பையோடு எடுத்த படத்தில் சுமையா இளம்பரிதியின் தோளைப் பிடித்திருந்தாள். நட்பு என்று எல்லோரும் நினைத்தார்கள். பிடிக்காவிட்டால் அவளால் மேடையில் நேராக நின்றிருக்க முடியாது.

அன்றே வில்லையைக் கழற்றினாள். இரண்டு வாரம் போனது. இரண்டு மாதமும் போனது. உடம்பு மறக்கவில்லை. தெருவில் ஒரு கை சுவரைத் தொட்டபடி நடந்தாள்; கூட்டமான இடங்களுக்குப் போவதை விட்டாள். இளம்பரிதி முதல் ஒன்றரை மாதம் வாராவாரம் அவளை நரம்பு மருத்துவரிடம் கூட்டிப் போனான். பிறகு புனேயில் வேலை கிடைத்துப் போய்விட்டான். தினம் செய்தி அனுப்பினான், பிறகு அவ்வப்போது.

பவளக்கொடி நடந்தது அத்தனையையும், தான் செய்ததையும் சேர்த்து, வேதவல்லி மேடத்துக்கு எழுதினாள். அடுத்த பருவத்தின் விதிப்புத்தகத்தில் வில்லையைப் பற்றி ஒரு பக்கம் கூடியது. கோப்பையைத் திருப்பிக் கேட்டார்கள்; கல்லூரி கொடுத்துவிட்டது.

அதன் பிறகு அவள் மறுபடி வரையத் தொடங்கினாள். யாரும் கேட்கவில்லை, போட்டியும் இல்லை. காந்தத்தை உச்சியில்தான் வைக்க வேண்டுமா? பக்கவாட்டில் ஒரு சின்னஞ்சிறு கியரைக் கோத்து, அதன் தலையில் வைத்தால் என்ன? மோட்டாருக்கும் சட்டத்துக்கும் நடுவில் ஒரு விரல் இடம் சும்மாதான் கிடந்தது. கணபதிப் பகுதியில் ஒரு பட்டறையில் தானே நின்று கியர் வெட்டி வாங்கினாள். நாற்பதாவது நாள் வெர்னியரை வைத்து அளந்தாள். சென்சாரோடு சேர்த்து எண்பத்தொன்பது. ஒரே ஒரு மில்லிமீட்டர்தான் கூட; அந்தப் பாலத்தின் அடியில் அதுவும் நுழைந்திருக்கும்.

பட்டறைக்காரர், “அளவு சரியா வரலீங்களா?” என்று கேட்டார். அவள் அழுதுகொண்டிருந்தாள். “வந்துருச்சுங்ண்ணா” என்றாள். நாற்பதே நாள். அன்றைக்கே இன்னும் நாற்பது நாள் உட்கார்ந்திருந்தால் போதும்.

நான்கு மாட்யூல் செய்து, சின்னதாக ஒரு ரோபோவில் பூட்டினாள். சுமையாவைப் பார்த்துவந்த நரம்பு மருத்துவரைப் போய்ப் பார்த்துப் பேசினாள். பொய் சொல்லாத சக்கரங்கள் ஓடுகிற அசைவை, ஒரு வழி வில்லை மூலம் தினம் அரை மணி நேரம் கொடுத்தால், நேர் எது என்று அந்த உடம்பு மறுபடி கற்றுக்கொள்ளலாம் என்றார் அவர். கற்றுக்கொள்ளும் என்று சொல்லவில்லை. லாம் என்றுதான் சொன்னார்.

கரும்புக்கடைப் பகுதியில் இருந்த சுமையா வீட்டுக் கதவை அவளுடைய அத்தா திறந்தார். உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னார். சுமையா அறையிலிருந்து சுவரோரமாக வந்து நின்றாள். உட்காரவில்லை.

பவளக்கொடி ரோபோவைத் தரையில் வைத்தாள். மருத்துவர் சொன்னதைச் சொன்னாள். அவர் எழுதிக் கொடுத்த கடிதத்தைக் கொடுத்தாள். சுமையா அதை இரண்டு தடவை படித்தாள். பிறகு கடிதத்தின் கீழே இருந்த எண்ணுக்கு, அங்கேயே நின்று போன் போட்டு, அவர்தான் எழுதினாரா என்று கேட்டாள்.

“வில்லை?”

“புதுசு. உறைகூடப் பிரிக்கல. திருப்பி அனுப்பற கம்பியே இதுல இல்ல. நீ வேற யார்கிட்டயாவது காட்டு.”

“காட்டுவேன்.” சுமையா ரோபோவைப் பார்த்தாள். “சென்சார் எங்க?”

பவளக்கொடி முதல் மாட்யூலின் மூடியைக் கழற்றிக் காட்டினாள். சுமையா குனிந்து, விரலால் காந்தத்தைத் தொட்டுப் பார்த்தாள். சக்கரத்தைத் திருப்பினாள். காந்தம் கூடவே திரும்பியது.

“மத்த மூணும்?”

“அதே மாதிரிதான் சுமையா.”

“நான் அதைக் கேக்கல.”

பவளக்கொடி அடுத்த மூடிக்கு ஆலன் கீயைக் கொண்டுபோனாள். சுமையா கையை நீட்டி அதை வாங்கிக்கொண்டு, சுவரில் சாய்ந்தபடி தரையில் உட்கார்ந்தாள். மூன்றையும் தானே திறந்தாள். ஒவ்வொரு கியரிலும் பல்லை விரலால் எண்ணினாள். எண்ணி முடிக்க வெகுநேரம் ஆனது. அத்தா டீ கொண்டுவந்து வைத்தார், அது ஆறிப்போனது.

“இது இங்கயே இருக்கட்டும்” என்றாள் கடைசியில். “நீ நாளைக்கு வா. நீ இல்லாதப்போ நான் ஒருதடவை எல்லாத்தையும் பாக்கணும்.”

“சரி.”

“என்ற ரூம்ல வச்சுப் பூட்டிருவேன்.”

“சரி சுமையா.”

பவளக்கொடி பையைத் திறந்தாள். உள்ளே மிச்சமிருந்த ஆலன் கீக்கள், ஸ்க்ரூடிரைவர், கியர் கழற்றும் இடுக்கி எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் எடுத்துத் தரையில், சுமையாவின் கைக்கு எட்டுகிற மாதிரி வைத்தாள். பிறகு காலிப் பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கிளம்பினாள்.